கண்ணுக்குள் வைத்தது முளைக்குமா?

எங்கள் கண் மருத்துவமனையின் கவுன்சலிங் டெஸ்க்குக்குப் புதிதாக மூன்று பேர் வேலைக்கு வருகிறார்கள். "உன் அனுபவத்தை எழுதிக் குடு கலை, படிச்சுட்டு வரட்டும்" என்றார் சீனியர் கவுன்சலர் புஷ்பா அக்கா. என் அனுபவம் மொத்தம் நாலு வருஷம். அதில் என்னத்தை எழுதுவது என்று கேட்டேன்.

"நீ பண்ணின கூத்தை எழுது. அதைப் பண்ணாம இருந்தாலே அவங்க உருப்பட்டுடுவாங்க."

ஆகவே எழுதுகிறேன்.

1. கொம்பு

கல்லூரியில் நான் விலங்கியல். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் இருக்கும் பெயர்களை மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது வராது. பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மண்டையில் ஒட்டும். அதனால் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

பாருங்கள், மசில் என்கிறோமே, லத்தீன் மொழியில் அது 'சுண்டெலி'. யாரோ ஒருவன் கையை மடக்கியிருக்கிறான், தோலுக்கடியில் எலி ஓடுவது போல் இருந்திருக்கிறது, வைத்துவிட்டார்கள் பெயர். நாம் மட்டும் என்ன, காலின் பின்பக்கச் சதையைக் கெண்டைச்சதை என்கிறோம். அவர்களுக்கு எலி, நமக்கு மீன். வாய்க்கால் ஓடுகிற ஊரில் பிறந்தவனுக்கு மீன்தானே ஞாபகம் வரும்! வாக்சின் என்ற சொல்லுக்குள் ஒரு பசு மாடு நிற்கிறது. உள்காதில் இருக்கும் காக்ளியா ஒரு நத்தை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

வேலையில் சேர்ந்த முதல் நாள். பேராவூரணியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தென்னை மட்டை வெட்டும்போது தூசி விழுந்து கார்னியாவில் கீறல். சொட்டு மருந்தை எப்படிப் போடுவது, எத்தனை வேளை என்று சொல்லி அனுப்ப வேண்டியது என் வேலை.

"கார்னியான்னா என்னன்னு தெரியுமாங்க?" என்று ஆரம்பித்தேன். "கொம்புன்னு அர்த்தம். கண்ணுக்கு முன்னாடி கொம்பு மாதிரி கெட்டியா இருக்கறதால அந்தப் பேரு."

அவர் கை மெதுவாக மேலே போய் நெற்றியின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தது. பிறகு கூட வந்த தம்பியிடம், "டேய், கொம்புங்குதுடா இந்தப் பொண்ணு" என்றார்.

தம்பி நேராகப் புஷ்பா அக்காவிடம் போனான். "ஏங்க, இது வளருமாங்க?"

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லாத. அவங்களுக்கு வேணுங்கிறதைச் சொல்லு." தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

2. டப்பா

எங்கள் ஆஸ்பத்திரி கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தும். காலையில் டாக்டர் பரிசோதிப்பார். கண்புரை இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து உட்கார வைப்போம். கவுன்சலர் அவர்களுக்கு ஆபரேஷனைப் பற்றி விளக்கிப் பயம் போக்க வேண்டும். மறுநாள் காலை பஸ் போய் அவர்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து வரும். வேலை இவ்வளவுதான்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஓர் ஊர். பெயரைப் போட்டால் கோவித்துக்கொள்வார்கள். சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற சமயம். முகாமுக்கு நல்ல கூட்டம், ஆபரேஷனுக்கு இருபத்திரண்டு பேர் தேறினார்கள். அதில் முக்கியமானவர் நடேசன் ஐயா. அந்த ஊரில் யாரும் அவரைக் கேட்காமல் விதைநெல்லைக் களத்தை விட்டு வெளியே எடுக்க மாட்டார்கள். ஒரே களத்து நெல்லை ஒரு லாட்டு என்று வைத்து, அதிலிருந்து நூறு நெல்லை எண்ணி ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, மூன்றாம் நாள் பிரித்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வார். அவர் சரி என்றால்தான் விதைப்பு. கண் மங்கிய பிறகு விரலால் தடவியே எண்ணுகிறாராம்.

அவரைப் பரிசோதித்த டாக்டர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வலது கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. புரை நல்லா முத்திடுச்சு. இன்னும் தள்ளிப்போட்டா உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துடும். அப்புறம் யார் என்ன வச்சாலும் பார்வை வராது. இவரை நாளைக்கு எப்படியாவது பஸ்ல ஏத்திடு."

"ஏத்திடறேன் சார்."

நடேசன் ஐயாவுக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. "முத்துனாத்தானே பாப்பா அறுக்கணும்? பச்சையில அறுத்தா வீணாப் போயிடும்ல?"

"உங்களுது அறுப்பு தாண்டி நிக்குதுங்கய்யா. கதிர் கொட்டற நிலைமை."

அவருக்குப் பிடித்துவிட்டது, கடகடவென்று சிரித்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சரியாகச் சொன்னால் என் குரல் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் ஒரு டப்பா இருந்தது. டப்பாவில் உடைக்காத முழு மைசூர்ப் பருப்பு. என்றாவது பயன்படும் என்று ஒரு மாதமாகவே வைத்திருந்தேன்.

"லென்ஸுன்னு சொல்றோமே, அது என்ன தெரியுமா? லத்தீன்ல பருப்பு! இந்தப் பருப்பு. ரெண்டு பக்கமும் உப்பி, ஓரம் மெலிஞ்சு... தொட்டுப் பாருங்க! உங்க கண்ணுக்குள்ள இருக்கறது இந்த வடிவம்தான். அது வெளுத்துப் போனதுதான் புரை. அதை எடுத்துட்டுப் புதுசு வைக்கப்போறோம்."

ஆளுக்கொரு பருப்பைக் கையில் கொடுத்தேன். எல்லாரும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு அக்கறையாக ஒரு கூட்டம் நான் சொல்வதைக் கேட்டதே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசியாக ஆபரேஷனுக்குப் பிறகு கடைப்பிடிக்க வேண்டியதையும் மறக்காமல் சொன்னேன்.

"ரொம்ப முக்கியம். ஒரு வாரத்துக்குக் கண்ணுல தண்ணி படவே கூடாது!"

3. பஸ்

மறுநாள் காலை பஸ் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிகளோடு நின்றோம். இறங்கியது டிரைவரும் இன்னொருவரும். இன்னொருவரின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. பழுதான பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்ட டவுனுக்கு வந்தவர், பஸ் சும்மாத்தானே போகிறது என்று ஏறியிருக்கிறார்.

"யாரும் வரலீங்க" என்றார் டிரைவர். "கண்ணுக்குள்ள பருப்பு வைக்கிறாங்களாம், அது முளைச்சிடுமாம். ஊரே பேசுது."

டாக்டர் சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

"முகாமுக்கு நீ என்ன எடுத்துட்டுப் போனே?"

"சார்ட்டு சார். டார்ச்சு. அப்புறம்... கொஞ்சம் பருப்பு."

"உன்னை யாரும்மா அங்க லத்தீன் சொல்லச் சொன்னது?"

புஷ்பா அக்கா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எடு வண்டியை" என்றார்.

நடேசன் ஐயா வீட்டு வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. அவர் மனைவி பாக்கியம் அம்மா மோர் கொடுத்து உபசரித்தார். உபசரிப்பில் குறையே இல்லை, பஸ் ஏறத்தான் ஆள் இல்லை.

"தப்பா எடுத்துக்காத பாப்பா" என்றார் நடேசன் ஐயா. "நீ நல்ல பிள்ளை. மறைக்காமக் காட்டிட்ட. ஆனா எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. விதையை ஈரத்துல வச்சா முளைக்கும். கண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கு. இருட்டு வேற. சூடும் இருக்கு. இதைவிட நல்ல நாத்தங்கால் எங்க இருக்கு?"

"அய்யோ, அது நிஜப் பருப்பு இல்லீங்கய்யா! வடிவம்தான் அப்படி. வைக்கறது பிளாஸ்டிக்."

"அப்புறம் ஏன் தண்ணி படக்கூடாதுன்ன?"

"கிருமி வந்துடும்னுங்க."

"கிருமிங்கற. நாங்க முளைங்கறோம்."

கூட்டத்தில் ஒருத்தர், "நம்ம தலையாரிக்கு என்ன ஆச்சு?" என்று எடுத்துக்கொடுத்தார். தலையாரி அந்த ஊரில் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர். இரண்டு வருஷம் கழித்து மறுபடி மங்கலாகி, லேசர் வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். சிலருக்கு லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வில் அழுக்குப் படியும், லேசரால் அதை விலக்குவோம். சாதாரணமாக நடப்பதுதான். அதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அம்மா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க, லேசர் வச்சுக் களை எடுத்துவிட்டாங்களே!"

பக்கத்தில் புஷ்பா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஐயா, வலது கண்ணு ரொம்ப அவசரம்" என்றேன். "தள்ளிப்போட்டா நரம்பு போயிடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் விதைநெல்லுக்குத் தீர்ப்பு சொல்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாயால பேசி எதுக்கு? அந்த லென்ஸு ஒண்ணு கொண்டா. சாக்குல போட்டுப் பாத்துடுவோம்."

4. ஈரச் சாக்கு

டாக்டர் சாரிடம் போய், முளைப்புத்திறன் சோதனைக்கு ஒரு லென்ஸ் வேண்டும் என்று கேட்டேன். இந்த வாக்கியத்தை உலகத்திலேயே முதலில் சொன்னது நானாகத்தான் இருக்கும். அவர் டிராயரைத் திறந்து, பயிற்சிக்காக வைத்திருந்த காலாவதியான லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "தொலைச்சுடாத. உன் கையாலயே வை."

சோதனை முறைப்படி நடந்தது. நெல்லும் பருப்பும் ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறின. லென்ஸையும் ஒரு டம்ளரில் ஊறப்போடச் சொன்னார் நடேசன் ஐயா. "எல்லாத்துக்கும் ஒரே நியாயம்." பிறகு நனைத்த சாக்கை விரித்து ஒரு பக்கம் நூறு நெல், நடுவில் பத்துப் பருப்பு, கடைசியில் நம் லென்ஸ். நெல்லை அவரே தடவி எண்ணி வைத்தார். லென்ஸை மட்டும், தொலைந்துவிடக் கூடாதே என்று, நான் இடுக்கியால் எடுத்து வைத்தேன். சுருட்டி, கயிறு கட்டி, வைக்கோலுக்கடியில் செருகினார்கள்.

அதன் பிறகு நாளுக்கு இரண்டு முறை பாக்கியம் அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாக்கு நல்லா இருக்கு பாப்பா, நீ எப்படி இருக்க?" என்பார்.

5. ரெண்டு வால்

மூன்றாம் நாள் காலை. ஊர் மொத்தமும் வந்துவிட்டது. புஷ்பா அக்காவும் என்னோடு வந்திருந்தார். நடேசன் ஐயா கயிற்றை அவிழ்த்தார். சாக்கைப் பிரித்ததும் முளைகட்டிய நெல்லின் வாசனை எழுந்தது. அவர் விரல்கள் நெல்லின் மேல் நடந்தன.

"நல்ல முளை. அடுத்து பருப்பு... பத்தும் வால் விட்டுருக்கு."

விரல் கடைசிக்கு வந்தது. நின்றது. மறுபடி தடவியது. அவர் முகம் மாறியது.

"இதுவும் முளைச்சிருக்கு" என்றார். "ரெண்டு பக்கமும்!"

பாக்கியம் அம்மா குனிந்து பார்த்தார். "ஆமாங்க! இந்தப் பக்கம் ஒரு வாலு, அந்தப் பக்கம் ஒரு வாலு. வளைஞ்சு வேற இருக்கு!"

ஊரே 'ஆ' என்றது. அவர்கள் சொன்னது உண்மை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு இரண்டு பக்கமும் மயிரிழை போல இரண்டு வளைந்த கால்கள் உண்டு. உள்ளே நகராமல் பிடித்துக்கொள்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். லத்தீன் சொன்னேன், பருப்புக் காட்டினேன், இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அது பொறந்ததுலேருந்தே அப்படித்தாங்கய்யா!" என்று கத்திவிட்டு, போனில் புது லென்ஸின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். பாக்கியம் அம்மா வாங்கி உற்றுப் பார்த்தார்.

"போட்டோவுலயும் முளைச்சிருக்குங்க."

கூட்டம் கலையத் தொடங்கியது. ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லவேளை, நம்ம கண்ணு தப்பிச்சுது" என்று கிளம்பினார். நடேசன் ஐயாவின் வலது கண் வெள்ளை முத்து போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் தெரியவில்லை. இனிமேலும் யாரும் தெரியப்போவதில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் தேம்பி அழுதேன்.

அவர் சாக்கை மூடவில்லை. லென்ஸை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு காலை மெல்ல மடக்கினார். விட்டதும் அது துள்ளி நிமிர்ந்தது.

"யாரும் போகாதீங்க" என்றார். "எனக்கு இது சரியாப் படல. ஈர முளையை இப்படி மடக்கினா பட்டுனு முறிஞ்சிருக்கணும். இது விறைப்பா நிக்குது." பிறகு மனைவியிடம் சொன்னார். "இந்தா பாரு, ஒரு பேப்பர்ல மூணையும் வச்சுப் பென்சிலால கோடு இழு. இன்னும் ஒரு நாள் சாக்குல கெடக்கட்டும். முளைன்னா நாளைக்கு வளந்துதான் ஆகணும். வளராம நிக்கிற முளையை நான் பாத்ததில்ல."

பாக்கியம் அம்மா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு நெல், ஒரு பருப்பு, ஒரு லென்ஸ் மூன்றையும் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தார். மூன்றும் ஈரச் சாக்குக்குத் திரும்பின.

மறுநாள் அதே தாள். நெல்முளை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஓடியிருந்தது. பருப்பின் வால் தாளை விட்டே இறங்கப் பார்த்தது. லென்ஸ் அதன் கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு மயிரிழை கூட நகரவில்லை. பாக்கியம் அம்மா இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னார். அவர் விரலால் ஒருமுறை உறுதிசெய்துகொண்டார். ஊர் காத்திருந்தது.

"நெல்லு நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு, விதைக்கலாம். பருப்பு பத்துக்குப் பத்து." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "லென்ஸு சுத்தக் கருக்கா. உசிரே இல்ல. தாராளமாக் கண்ணுல வைக்கலாம்."

முப்பது வருஷத்தில் அவர் ஒரு விதையைக் கருக்கா என்று சொல்லி, கேட்டவர்கள் கைதட்டியது அன்றுதானாம்.

6. கட்டுப் பிரித்த காலை

பஸ்ஸில் இருபத்திரண்டு பேரும் வந்தார்கள், இருபத்து மூன்றாவதாகத் தலையாரியும் ஏறிக்கொண்டார். தன் கண்ணில் களை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

நடேசன் ஐயாவுக்கு ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை கட்டைப் பிரித்தார் டாக்டர் சார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு தப்பித்ததா இல்லையா என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரியும். டாக்டர் விரலை நீட்டினார். "என்ன தெரியுது?"

அவர் கண்ணைச் சிமிட்டினார். நீர் வழிந்தது. மறுபடி சிமிட்டினார்.

"ரெண்டு விரலு" என்றார். பிறகு, "நகம் வெட்டணும் டாக்டர்."

டாக்டர் சார் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. புஷ்பா அக்காவைப் பார்த்தேன். "கட்டுதான் பிரிச்சாச்சே" என்றார் அவர். "சொல்லித் தொலை."

"ஐயா, கண்ணுக்கு நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை இருக்குல்ல? அதை இங்கிலீஷ்ல பியூப்பில்னு சொல்றாங்க. அப்படின்னா குட்டிப் பொம்மை. நாமளும் அதைப் பாவைன்னுதான் சொல்றோம், அதுவும் பொம்மைதான். ஏன்னா ஒருத்தர் கண்ணைக் கிட்டத்துல பாத்தா, உள்ள நம்ம உருவம் குட்டியாத் தெரியும்."

அவர் உடனே பாக்கியம் அம்மாவைக் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். வார்டு முழுக்கப் பார்த்தது. பாக்கியம் அம்மா வெட்கத்தில் நெளிந்தார்.

"ஏ, உள்ள ஒரு ஆளு இருக்கான்."

"யாரு?"

"யாரோ கிழவன். மொட்டைத் தலை."

"நீங்கதாங்க அது!"

"நானா? நான் எப்படி இவ்வளவு கிழவனானேன்?"

"நீங்க பாக்காத நேரத்துல" என்றார் பாக்கியம் அம்மா.

புதிதாக வருகிற மூன்று பேருக்கும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பயம் இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சொல்லின் கதை வெறும் கதை. பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே மருத்துவம். ஓர் எழுத்து விடாமல் நம்புவார், நம்பியதைத் தன் வயலில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணுக்குள் என்ன போகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். அதற்குக் கால் இருந்தால் காலையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர்க் கதைகளைக் கட்டுப் பிரித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நடேசன் ஐயா இடது கண்ணுக்கு அடுத்த மாதமே பஸ் ஏறிவிட்டார். இந்த லென்ஸையும் சாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"அதே லாட்டுதானே பாப்பா? ஒரு லாட்டுக்கு ஒரு டெஸ்ட்டு போதும்."